பால் கணக்குக்குக் கீழே ஓட்டக் கணக்கு

எங்கள் வீட்டுச் சமையலறையில், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்துச் சுவரில், ஜவுளிக்கடையில் கொடுத்த மாதக் காலண்டர் ஒன்று ஆணியில் தொங்கும். தேதிக் கட்டம் ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவுக்குப் பெரிதாக இருக்கும், அதனால்தான் வருஷா வருஷம் அந்தக் கடைக் காலண்டரையே கேட்டு வாங்கி வருவோம். கட்டத்தின் மேல்பக்கம் அத்தையின் கையெழுத்தில் பால் கணக்கு. அதற்குக் கீழே நீல மையில் நான் ஓடிய கணக்கு. ஓரத்தில் வீட்டுக்காரரின் டூட்டி. சிவப்பு வட்டம் இருந்தால் அன்று எனக்கு அலுவலகத்தில் ஏதோ கடைசித் தேதி என்று அர்த்தம். பழைய தாள்களை நான் தூக்கிப் போடுவதில்லை. 2024 ஜூலை 11 கட்டத்தைப் பார்த்தால் இப்படி இருக்கிறது: “பால் 2. சுற்று 3. நாடி 149. கூட்ஸ் ராத்திரி. ஜிஎஸ்டி. தூக்கம் 4½.”

மூன்றரை வருஷமாக ஓடுகிறேன். இந்தக் கட்டத்தில் எழுத ஆரம்பித்த பிறகுதான் நான் முன்னேறுகிறேனா இல்லையா என்பதே எனக்கு விளங்கியது. கையில் கடிகாரம் அதற்கு முன்னாலேயே இருந்தது, செயலி இருந்தது, வண்ண வண்ணமாகக் கோடுகள் இருந்தன. ஆனாலும் விளங்கவில்லை. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன், ஏனென்றால் வேலைக்கும் போய்க்கொண்டு வீட்டையும் பார்த்துக்கொண்டு ஓட ஆரம்பித்து, ஆறு மாதத்தில் “நமக்கு இது சரிப்படாது” என்று விட்டுவிட்ட மூன்று பேரை எனக்கே தெரியும், மூன்று பேருமே பெண்கள், மூன்று பேருமே நன்றாக ஓடிக்கொண்டிருந்தவர்கள்.

2022 ஆகஸ்டில் தொடங்கினேன். அப்போது 37 வயது. வீடு மதுரை அனுப்பானடியில், வேலை கே.கே.நகரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில், மூன்றாவது மாடி. லிஃப்ட் பழுதாகிக் கிடந்த ஒரு வாரம் முழுக்க, தினமும் இரண்டாவது மாடியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க வேண்டியிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் போனேன். ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை. ஒரு சுற்று முடிப்பதற்குள் முகமெல்லாம் கொதித்தது. மறுநாளும் போனேன்.

தெப்பக்குளத்தைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். திருமலை நாயக்கர் 1645இல் வெட்டியது. மகால் கட்டுவதற்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த இடம் என்று ஊரில் சொல்வார்கள், அப்படித் தோண்டும்போது கிடைத்தவர்தான் மீனாட்சி அம்மன் கோயில் முக்குறுணிப் பிள்ளையார் என்றும் சொல்வார்கள். நடுவில் மைய மண்டபம், வடகரையில் மாரியம்மன் கோயில். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வருஷத்தில் பெரும்பாலான நாள் குளம் வறண்டு கிடக்கும், உள்ளே கிரிக்கெட் ஆடுவார்கள். இப்போது வைகைத் தண்ணீரை விட்டு நிரப்பி வைக்கிறார்கள். விடியற்காலையில் தண்ணீரைத் தொட்டு வருகிற காற்று ஒன்று உண்டு, கீழ்க்கரையில் திரும்பும்போது முகத்தில் அடிக்கும். அதற்காகவே எழுந்து வரலாம்.

குளத்தின் அளவு ஆயிரம் அடிக்குத் தொள்ளாயிரத்து ஐம்பது அடி என்பார்கள். நாலு பக்கமும் கூட்டினால் 3900 அடி, அதாவது 1.19 கி.மீ. வெளியே நடைபாதையில் ஓடும்போது கொஞ்சம் கூடும், என் கடிகாரம் ஒரு நாள் 1.21 காட்டும், ஒரு நாள் 1.24 காட்டும். நான் 1.2 என்று வைத்துக்கொண்டு கணக்கை முடித்துவிட்டேன். குளம் கூடவும் போவதில்லை, குறையவும் போவதில்லை. ஓட்டத்தை அளக்க நினைப்பவர்களுக்கு முதலில் இதைச் சொல்வேன்: எப்போதும் ஒரே இடத்தில் அளங்கள். பள்ளிக்கூட மைதானமோ, ஏரிக்கரையோ, தெருவைச் சுற்றி வருகிற ஒரு வட்டமோ, எதுவாக இருந்தாலும் சரி. தூரம் தசமப் புள்ளிவரை துல்லியமாக இருக்க வேண்டும் என்றில்லை, மாறாமல் இருந்தால் போதும்.

அந்த வருஷத் தீபாவளி போனஸில் ஓடுபவர்கள் கட்டுகிற கடிகாரம் ஒன்று வாங்கினேன். தூரம், வேகம், நாடித்துடிப்பு எல்லாம் காட்டும். முதல் மூன்று மாதம் அதைப் பார்க்கிற ஆசையிலேயே எழுந்து ஓடினேன். டிசம்பரில் நிற்காமல் இரண்டு சுற்று, பிப்ரவரியில் நாலு சுற்று. அப்புறம் 2023 ஏப்ரல் வந்தது. வெயில். பெரியவனுக்குப் பரீட்சை. மே மாதம் ஊரில் கல்யாணம், காதுகுத்து. ஜூன், ஜூலை அலுவலகத்தில் வருமான வரிக் கணக்குத் தாக்கல், ஜூலை 31 வரைக்கும் இரவு ஒன்பது மணிக்கு முன்னால் வீட்டுக்கு வந்ததில்லை. கடிகாரம் தினமும் ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தது. உங்கள் உடற்தகுதி குறைகிறது. போன வாரத்தைவிட இந்த வாரம் 40 சதவீதம் குறைவு. செயலியைத் திறந்தால் எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் எங்கெங்கோ பத்து, பதினைந்து கி.மீ. ஓடியிருப்பார்கள். ஜனவரியில் ஓடிய வேகத்தில் என்னால் ஜூலையில் ஓட முடியவில்லை. ஒரு வருஷம் பட்ட பாடெல்லாம் வீணாகிவிட்டது என்று நினைத்து, ஆகஸ்டில் கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். ஐந்து வாரம் ஓடவே போகவில்லை.

வழி காட்டியவர் வீட்டுக்காரர். அவருக்கு ஓட்டத்தைப் பற்றி எதுவும் தெரியாது. அவர் ரயில்வேயில் கூட்ஸ் கார்டு. 2022இல் டிரெயின் மேனேஜர் என்று பெயரை மாற்றிவிட்டார்கள், வீட்டில் இன்னும் கார்டுதான். வண்டி எந்த ஸ்டேஷனுக்கு எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று டூட்டி முழுக்க எழுதிக்கொண்டே வருகிற வேலை. ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது, ஏன் இப்போதெல்லாம் ஓடப் போவதில்லை என்று கேட்டார். சொன்னேன். போனில் அந்தக் கோட்டையும் காட்டினேன், ஏறி இறங்கியிருந்ததை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “வண்டி நாப்பது நிமிஷம் லேட்டுன்னு மட்டும் எழுதிக் குடுத்தா யாரும் ஒத்துக்க மாட்டாங்க. எங்க நின்னுச்சு, எதுக்கு நின்னுச்சு, சிக்னலா, கிராஸிங்கா, இன்ஜின் கோளாறா, அதை எழுதணும். காரணம் எழுதாம விட்ட லேட்டெல்லாம் கார்டு தலையிலதான் விழும். நீ எல்லா லேட்டையும் உன் தலையிலேயே எழுதி வச்சிருக்க.”

நான் கணக்கு எழுதியே பிழைப்பவள். பற்று எழுதினால் அது எந்தத் தலைப்பில் போனது என்று எழுதாமல் ஒரு ரூபாயைக்கூட நகர்த்த மாட்டேன். என் உடம்பின் கணக்கில் மட்டும் வெறும் தொகையை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் அழுதிருக்கிறேன் என்பது அந்தச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால்தான் உறைத்தது.

மறுநாள் காலண்டரில் எழுத ஆரம்பித்தேன். நோட்டு போடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், ஆனால் நோட்டு என் பையில் இருக்கும், நான் மட்டும் பார்ப்பேன். காலண்டரில் அத்தை பால் கணக்கு எழுதுகிறார், அவர் டூட்டி எழுதுகிறார், சின்னவள் பள்ளிக்கூட விடுமுறையைக் குறிக்கிறாள், சிலிண்டர் பதிவு செய்த தேதி இருக்கிறது. நான் ஏன் அன்று ஓடவில்லை என்பதற்கான காரணத்தில் பாதி அங்கே ஏற்கெனவே எழுதியிருந்தது. மாதத்தில் 7ஆம் தேதி டிடிஎஸ், அதாவது பிடித்தம் செய்த வரியைக் கட்ட வேண்டும், 11ஆம் தேதி ஜிஎஸ்டி விற்பனைக் கணக்கு, 20ஆம் தேதி வரி கட்டித் தாக்கல் செய்கிற கணக்கு. அந்தத் தேதிகளுக்கு முந்தைய இரண்டு நாளும் என் நாடித்துடிப்பு ஐந்து, ஆறு கூடியிருக்கிறது. இது கோட்டில் தெரியாது. ஒரே கட்டத்தில் இரண்டையும் எழுதினால் மூன்று மாதத்தில் தெரிந்துவிடும்.

நான் எழுதுவது ரொம்பக் குறைவு. எத்தனை சுற்று, சராசரி நாடி எவ்வளவு, எவ்வளவு நேரம் தூங்கினேன். ஓடாத நாளில் காரணம். அவ்வளவுதான். மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் ஒரு சோதனை உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

180இலிருந்து வயதைக் கழித்தால் வருகிற எண்ணைத் தாண்டாமல் ஓட வேண்டும் என்று ஃபில் மாஃபெட்டோன் என்ற அமெரிக்கர் சொன்ன கணக்கு ஒன்று இருக்கிறது. எனக்கு அப்போது 142 வந்தது, நான் 140 என்று வைத்துக்கொண்டேன். அப்புறம் வயது ஏறியும் மாற்றவில்லை, மாற்றினால் பழைய எண்ணோடு ஒப்பிட முடியாது. சோதனை இதுதான்: பதினைந்து நிமிஷம் மெதுவாக நடந்து, ஓடி, உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, பிறகு நாடித்துடிப்பை 140லேயே பிடித்துவைத்து நாலு சுற்று. 140ஐத் தாண்டினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். நாலு சுற்றுக்கு எத்தனை நிமிஷம் ஆனது என்று பார்க்க வேண்டும். அதே உழைப்புக்கு நேரம் குறைந்தால் உடம்பு தேறியிருக்கிறது. யாரையும் விரட்ட வேண்டாம், மூச்சு முட்ட ஓட வேண்டாம், மறுநாள் மாடி ஏறக் கால் வலிக்காது. வீட்டில் ஆறு பேருக்குச் சமைத்துவிட்டு வேலைக்குப் போகிறவளுக்கு இந்தச் சோதனைதான் பொருந்தும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன், ஏனென்றால் முழு வேகத்தில் ஓடிப் பார்க்கிற சோதனையை நான் செய்த இரண்டு தடவையும் அடுத்த மூன்று நாள் வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன்.

மணிக்கட்டில் கட்டுகிற கடிகாரம் நாடியைத் தப்பாகக் காட்டுவதும் உண்டு. பட்டை தளர்ந்திருந்தாலோ வியர்வையில் வழுக்கினாலோ, கால் விழுகிற வேகத்தையே நாடி என்று எடுத்துக்கொண்டு திடீரென்று 170 காட்டும். அப்போது நின்று, கழுத்தில் இரண்டு விரலை வைத்து, 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவேன். விரல் சொல்வதைத்தான் எழுதுவேன்.

சரி, எண்களுக்கு வருகிறேன். 2023 அக்டோபரில் முதல் சோதனை, நாலு சுற்றுக்கு 43 நிமிஷம் 30 விநாடி. 2024 ஜனவரியில் 40:50. சந்தோஷமாக இருந்தது. மே மாதம் 44:20. பழைய மாதிரியாக இருந்திருந்தால் அன்றைக்கே மனசு விட்டுப்போயிருக்கும், ஜனவரியைவிட மூன்றரை நிமிஷம் கூட. ஆனால் மதுரையில் ஜனவரி விடியற்காலை 20, 21 டிகிரி. மே மாதம் அதே ஐந்து மணிக்கு 27, 28, காற்றே இருக்காது. அந்தச் சூட்டில் உடம்பைக் குளிர்விக்க ரத்தத்தில் ஒரு பங்கு தோலுக்குப் போய்விடும், வியர்த்து ரத்தத்தில் நீரும் குறையும், அப்போது கால்களுக்கு அதே அளவு ரத்தம் அனுப்ப இதயம் கூடுதலாக அடித்தாக வேண்டும். நாடியை 140இல் பிடித்துவைத்தால் வேகம் குறையத்தான் செய்யும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அதனால் மே மாதத்தை ஜனவரியோடு ஒப்பிடுவதை அன்றோடு விட்டுவிட்டேன். மே மாதத்தை அடுத்த மே மாதத்தோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும். நாங்கள் அலுவலகத்தில் ஒரு ஜவுளிக்கடையின் ஆனி மாத விற்பனையை ஐப்பசி விற்பனையோடு ஒப்பிட்டுப் பார்த்து, கடை நொடிந்துவிட்டது என்று எழுதுவோமா? போன ஆனியோடுதானே பார்ப்போம்.

இந்த ஒப்பீடுதான் என்னைக் காப்பாற்றியது என்று சொன்னால் மிகையாகத் தெரியலாம். நடந்ததைச் சொல்கிறேன்.

2024 ஜூலையில் 44:00. ஆகஸ்டில் 44:40. வேலை அதிகம் என்று விட்டுவிட்டேன். செப்டம்பரில் 46:10. செப்டம்பர் 30 வரை தணிக்கை அறிக்கைகள் போக வேண்டும், அதனால் தூக்கம் கெட்டது, அதுதான் காரணம் என்று கட்டத்திலும் எழுதினேன். அக்டோபர் முதல் ஞாயிறு 47:00. அன்று மழை பெய்து குளிர்ந்திருந்தது. முந்தைய ஆறு நாளும் நன்றாகத் தூங்கியிருந்தேன், கட்டத்தில் இருக்கிறது, 6½, 7, 6½. போன அக்டோபர் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். 43:30. ஒரு வருஷம் விடாமல் ஓடிய பிறகு மூன்றரை நிமிஷம் பின்னால் இருக்கிறேன், வெயில் இல்லை, தூக்கக் குறைவு இல்லை, டூட்டி இல்லை. எல்லாக் காரணத்தையும் அடித்துக்கொண்டே வந்த பிறகு எழுதுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அந்தக் கட்டத்தில் காரணம் என்று போட்டு ஒரு கேள்விக்குறி வைத்தேன். கணக்கில் பொருந்தாத தொகை வந்தால் வயிற்றில் ஒன்று பிசையும், கணக்கு எழுதுபவர்களுக்குத் தெரியும், அது அன்று முழுக்க இருந்தது.

திங்கட்கிழமை ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். ஹீமோகுளோபின் 9.4. உடம்பில் இரும்புச் சேமிப்பைக் காட்டுகிற ஃபெரிட்டினும் அடிமட்டத்தில் இருந்தது. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. மாதவிலக்கு ஆறு மாதமாக அதிகமாகத்தான் போய்க்கொண்டிருந்தது, நாற்பது நெருங்கினால் அப்படித்தான் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். அதோடு ஓடுபவர்களுக்கு வியர்வையிலும் கொஞ்சம் இரும்பு போகும், பாதம் தரையில் அடிக்க அடிக்கச் சிவப்பணுக்களும் கொஞ்சம் சிதையும் என்று டாக்டர் அம்மா சொன்னார். அப்புறம் அவர் கேட்டார், களைப்பு, தலைசுற்றல் எதுவும் இல்லையா என்று. இருந்தது. இருந்ததை நான் வேலை என்று எழுதியிருந்தேன், வயது என்று எழுதியிருந்தேன். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, நாடு முழுக்கப் பார்த்தால் 57 சதவீதம். பாதிக்கு மேல். எல்லோரும் களைப்போடுதான் இருக்கிறோம், எல்லோரும் களைப்பாக இருப்பதால் அதுதான் இயல்பு என்று நினைத்துக்கொள்கிறோம். ஓடுகிற பெண்கள் யாராவது இதைப் படித்தால், ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். கெஞ்சியே கேட்கிறேன்.

இரும்பு மாத்திரை கொடுத்தார்கள், மாதவிலக்குக்குத் தனியாக மருந்து. மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு போட்டுக்கொள்ளலாம், காபி டீக்குப் பக்கத்தில் போடக்கூடாது, போட்டால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. எனக்கு எழுந்ததும் காபி வேண்டும். அத்தை மாத்திரையைக் காபி டபராவுக்குப் பக்கத்தில் இருந்து எடுத்து பூஜை அலமாரியில் வைத்தார், மத்தியானம் கொண்டுபோகிற டப்பாவில் ஒரு எலுமிச்சை மூடியும் வந்தது. மூன்று மாதம் சுற்றைக் குறைத்துக்கொண்டேன். 2025 ஜனவரியில் 41:40. போன ஜனவரியைவிட 50 விநாடி பின்னால்தான், ஆனால் அந்த 50 விநாடிக்கு என்னிடம் காரணம் இருந்தது, அதனால் உறுத்தவில்லை. மே மாதம் 42:00, போன மே மாதத்தைவிட இரண்டு நிமிஷம் 20 விநாடி முன்னால். அக்டோபரில் 40:10.

இன்னொரு விஷயமும் காலண்டர் காட்டிக்கொடுத்தது. நாங்கள் நிதியாண்டுக்காரர்கள், அதனால் ஓட்டக் கணக்கையும் மார்ச் 31இல்தான் முடிப்பேன். 2024-25இல் ஓடிய நாள் 148, மொத்தம் 531 சுற்று. வாரத்துக்கு நாலு நாள் என்றால் 208 நாள் வந்திருக்க வேண்டும், 60 நாள் விட்டுப்போயிருக்கிறது. ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துத் தலைப்பு வாரியாகப் பிரித்தேன். அலுவலகம் 19. வீட்டுக்காரர் டூட்டி 17. பிள்ளைகள் 9. உடம்பு சரியில்லாதது 7. மழை, திருவிழா 4. மனசில்லை என்று நேர்மையாக எழுதியது 4.

அதைப் பார்க்கிறவரைக்கும் நான் ஓடாமல் போனதற்கெல்லாம் என் சோம்பல்தான் காரணம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அறுபதில் நாலுதான் அது. டூட்டி 17 என்பதுதான் கண்ணில் குத்தியது. கூட்ஸ் வண்டிக்கு இத்தனை மணி என்று கிடையாது, இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் அழைப்பு வரும், கிளம்ப வேண்டும். அவர் இல்லாத காலையில் அத்தைக்கு இன்சுலின் போட்டு, பிள்ளைகளை எழுப்பி, நானும் 8:40க்கு வண்டியை எடுத்தாக வேண்டும், அன்றைக்குக் குளத்துக்குப் போக வழியே இல்லை. அந்த 17 கட்டத்தையும் மறுபடி பார்த்தேன், அன்றைய சாயங்காலம் என்ன செய்தேன் என்று. பெரும்பாலும் பெரியவனை ரேஸ்கோர்ஸ் பக்கம் டியூஷனில் விட்டுவிட்டு, வாசலில் ஸ்கூட்டியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் போன் பார்த்திருக்கிறேன். பக்கத்திலேயே ஸ்டேடியம் இருக்கிறது, 400 மீட்டர் ஓட்டப் பாதையோடு. இப்போது ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் ஒரு ஜோடி ஷூ எப்போதும் இருக்கும். இந்த நிதியாண்டில் பிப்ரவரி வரை டூட்டி என்ற தலைப்பில் விட்டுப்போனது ஆறே நாள். பெரியவன் முதலில் கூச்சப்பட்டான், நண்பர்கள் பார்ப்பார்கள் என்று. இப்போது அவனே வெளியே வந்ததும் “எத்தனை ரவுண்டும்மா?” என்று கேட்கிறான்.

அலுவலகம் 19ஐ ஒன்றும் செய்ய முடியாது, செய்யவும் விரும்பவில்லை. செப்டம்பர் கடைசி வாரம் நான் ஓட மாட்டேன் என்று முன்கூட்டியே கட்டத்தில் கோடு போட்டுவிடுவேன். பத்து நாள் வரை ஓடாமல் இருந்தால் உடம்பு பெரிதாக எதையும் இழந்துவிடாது. இதைத் தெரிந்துகொண்டதே எனக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்று சொல்லத் தெரியவில்லை.

போன நவம்பரில் அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன். வீட்டில் யாருக்கு என்னவானாலும் காலண்டர் அவர் பொறுப்பு, என் சுற்றைக்கூட ஒரு வருஷமாக அவர்தான் எழுதுகிறார். நான் கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டதும் அடுப்படியிலிருந்தே “எத்தனை சுத்து?” என்று குரல் வரும், சொன்னதும் பாலுக்குக் கீழே எழுதிவிட்டுத்தான் காபி கலப்பார். ஆபரேஷன் முடிந்து குனியக்கூடாது, தண்ணீர் படக்கூடாது என்று கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்த அந்த வாரம், நான் ஒரு நாளும் ஓடவில்லை. சின்னவளைக் கூப்பிட்டுப் பேனாவைக் கொடுத்து, “அம்மாவுக்கு சைபர் போடு, அப்பத்தா கண்ணுன்னு எழுது” என்று சொல்லி எழுதவைத்தார். ஏழு கட்டத்திலும் அவளுடைய கோணல் எழுத்தில் “0, அப்பத்தா கண்ணு” என்று இருக்கிறது. எனக்கு இந்த மூன்று வருஷத் தாள்களிலேயே ரொம்பப் பிடித்த தாள் அந்த நவம்பர்தான்.

2026 ஜனவரி, 37:50. 2024 ஜனவரியைவிட மூன்று நிமிஷம் குறைவு, அதே குளம், அதே நாலு சுற்று, அதே 140. அன்று காபியைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று ஜனவரித் தாள்களையும் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தேன், வீட்டுக்காரர் தாண்டித் தாண்டிப் போனார், ஒன்றும் சொல்லவில்லை, போகும்போது முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார்.

பிப்ரவரிச் சோதனையை முதல் ஞாயிறு செய்ய முடியவில்லை. பிப்ரவரி 1 தைப்பூசம், தெப்பத் திருவிழா. விடிவதற்கு முன்பே குளத்தைச் சுற்றிக் கூட்டம், கரும்பும் பலூனுமாகக் கடைகள், ஓடுவதற்கு ஏது இடம். நாங்கள் எல்லோரும் போனோம், புதுக் கண்ணோடு அத்தையும் வந்தார். காலையில் மீனாட்சியும் சுந்தரேசுவரரும் தெப்பத்தில் எழுந்தருளி, கரையில் நின்றவர்கள் வடம் பிடித்து இழுக்க இரண்டு சுற்று வந்தார்கள். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் மறுபடி ஒரு சுற்று. நான் தினமும் திரும்புகிற கீழ்க்கரை மூலையில்தான் நின்றோம். அத்தை கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டு பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் நேராகக் காலண்டருக்குப் போய், வழக்கம்போல எழுதினார். பால் 4. அதற்குக் கீழே, என் இடத்தில்: “அம்மன் சுத்து 3.”